அழுகிற மாதாவுக்குப் பட்டுப்புடவை கிடையாதா?

தஞ்சாவூர்ப் பக்கத்தில் மரியாளுக்கு இரண்டு அலமாரிகள் இருக்கின்றன. ஒன்றில் பட்டுப்புடவைகள். இன்னொன்றில் ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு நீல அங்கி. சந்தோஷமாக இருக்கும்போது அவள் புடவை கட்டிக்கொள்கிறாள். அழும்போது மட்டும் அங்கியை எடுத்து மாட்டிக்கொள்கிறாள்.

கேலி இல்லை. போய்ப் பாருங்கள். வேளாங்கண்ணியில் ஆரோக்கிய மாதா ஜரிகைப் புடவையில், தலையில் கிரீடம், கையில் குழந்தை என்று நிற்கிறாள். அந்த உருவத்தைத்தான் தஞ்சாவூர் ஓவியர்கள் பலகையில் வரைந்து, தங்க ரேக் ஒட்டி, கல் பதித்துக் கொடுக்கிறார்கள். வாங்கிப் போய் வரவேற்பறையில் மாட்டுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது.

இப்போது அதே ஊர்க் கோயில்களின் பக்கச் சுவர்களைப் பாருங்கள். சிலுவைப்பாதையின் 14 நிலைகள் வரிசையாக இருக்கும். சிலுவை சுமந்து வரும் மகனை வழியில் சந்திக்கும் தாய். இறக்கிய உடலை மடியில் வாங்கும் தாய். பெரும்பாலும் இவை ஐரோப்பிய அச்சுப் படங்களின் நகல்கள், அல்லது அவற்றைப் பார்த்து வார்த்த உருவங்கள். வெளுத்த முகம், பழுப்பு முடி, நீல முக்காடு.

அதாவது மகிழ்ச்சிக்கு உள்ளூர் முகம். துக்கத்துக்கு வெளியூர் முகம்!

இதன் விளைவு என்ன? பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு டெல்டா தாய் சாமி படத்தின் முன் வந்து நிற்கிறாள் என்று வையுங்கள். அவளுக்கு இரண்டு படங்கள் கிடைக்கின்றன. ஒன்றில் இருப்பவள் தன்னைப் போலவே இருக்கிறாள், ஆனால் எதையும் இழக்காதவள். இன்னொன்றில் இருப்பவள் எல்லாவற்றையும் இழந்தவள், ஆனால் தன்னைப் போல இல்லை. தன்னைப் போலவும் இருந்து, தன்னைப் போல இழக்கவும் செய்த ஒருத்தி அந்தச் சுவரில் இல்லை. இதை யாரும் ஒரு குறையாகக்கூடப் பேசுவதில்லை. அதுதான் இங்கே பிரச்னை.

பட்டாபிஷேகப் பழக்கம்

முதலில் இந்த ஓவியம் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். பலகைப் படம் என்பது இதன் பழைய பெயர். பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் பூசித் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் கோட்டோவியம். நகை, தூண், திரைச்சீலை வரும் இடங்களில் கல் பதித்து, பசைக் குழைவால் மேடு எழுப்பி, அந்த மேட்டின்மேல் தங்க ரேக் ஒட்டுவார்கள். பிறகுதான் உடம்புக்கும் முகத்துக்கும் வண்ணம். கவனியுங்கள், தங்கம் முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முகம் மிச்சமிருக்கும் இடத்தில் வருகிறது.

தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் (1676 முதல் 1855 வரை), அதிலும் இரண்டாம் சரபோஜியின் நாட்களில் (1798–1832) செழித்த கலை இது. இன்று புவிசார் குறியீடு பெற்ற கலை. திரும்பத் திரும்ப வரையப்பட்ட விஷயங்கள் எவை? வெண்ணெய்த் தாழியோடு கிருஷ்ணன். ராமர் பட்டாபிஷேகம். ராமாயணத்தில் என்னவெல்லாம் நடக்கிறது! மகனைப் பிரிந்த துக்கத்திலேயே ஒரு தகப்பன் சாகிறான். 14 வருஷம் காட்டில் கழிகிறது. ஒரு பெண் சிறையில் உட்கார்ந்து அழுகிறாள். ஓவியர் இதையெல்லாம் தாண்டிக் கடைசிப் பக்கத்துக்குப் போய்விடுகிறார். எல்லாரும் கூடி நிற்க, நடுவில் முடிசூட்டு விழா. தங்கம் ஒட்ட வசதியான பக்கம் அதுதான்.

கிறிஸ்தவ வாடிக்கையாளர் வந்தபோதும் இதே அச்சுதான் பயன்பட்டது. தவழும் கிருஷ்ணன் இருந்த இடத்தில் குழந்தை இயேசு. பட்டாபிஷேகம் இருந்த இடத்தில் முடி சூடிய மாதா. 'கடைசி இராவுணவு' கூட இந்த பாணியில் கிடைக்கிறது. யோசித்துப் பாருங்கள், மறுநாள் சாகப் போகிறவன் நண்பர்களோடு சாப்பிட்ட கடைசிச் சாப்பாடு அது. ஒருவன் காட்டிக் கொடுக்கப் போகிறான், ஒருவன் தெரியாது என்று சொல்லப் போகிறான். அதற்கு மேலே தங்க வளைவு, தங்கத் தூண், சிவப்புக்கல், பச்சைக்கல் எல்லாம் வைத்தால் கல்யாணப் பந்தி மாதிரி ஆகிவிடுகிறது.

வரவு மட்டும் எழுதிய பேரேடு

இதற்கு ஓவியரைத் திட்டிப் பயனில்லை. அவர் தொழில் செய்கிறார். கேட்டதைத்தான் கொடுக்க முடியும். கேட்பவர் யார்? கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர், கல்யாணப் பரிசு தேடுகிறவர், விழா மேடையில் பிரமுகருக்கு நினைவுப் பரிசு கொடுக்க வேண்டியவர். இவர்களில் யார் அழுகிற முகத்தைக் கேட்பார்கள்? தேவை இல்லாத சரக்கை யாரும் உற்பத்தி செய்ய மாட்டார்கள். இவ்வளவும் பொருளாதாரத்தின் முதல் பாடம்.

ஆனால் பக்தியும் அதே சந்தைக் கணக்கில் போகும்போதுதான் சிக்கல். வேளாங்கண்ணியில் காணிக்கைப் பொருட்களுக்கென்று ஓர் அருங்காட்சியகம் உண்டு. குணமானவர்கள், குழந்தை பெற்றவர்கள், வேலை கிடைத்தவர்கள் நன்றியோடு கொடுத்த பொருட்கள் அங்கே காட்சிக்கு இருக்கின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் உண்மையான ராத்திரி இருக்கிறது, உண்மையான பயம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் ஒரு கேள்வி. அதே நேர்ச்சை, அதே கண்ணீர், அதே பஸ்ஸில் வந்து மண்டியிட்டு, பிள்ளை பிழைக்காமல் போனவர்கள் எங்கே? அவர்கள் கொண்டுவந்து வைக்க ஒரு பொருளும் இல்லை. அதனால் கண்ணாடிப் பெட்டிக்குள் அவர்களுக்கு இடமும் இல்லை.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். இரட்டைப் பதிவு முறையில் ஒரு வரவு இருந்தால் எங்கோ ஒரு பற்று இருந்தே ஆக வேண்டும். வரவை மட்டும் எழுதிய பேரேட்டைத் தணிக்கையாளர் தூக்கி எறிந்துவிடுவார். அந்த முறையை 1494-இல் அச்சுப் புத்தகத்தில் விளக்கிய லூகா பாசியோலி ஒரு பிரான்சிஸ்கன் துறவி என்பது பாடப் புத்தகத்தில் ஒரு வரியாக வந்து போகும். அவர் லியனார்டோ டாவின்சியின் நண்பர். மிலான் நகரத்தில் லியனார்டோ அந்தக் 'கடைசி இராவுணவை' வரைந்த வருஷங்களில்தான் பாசியோலியும் அங்கே போய்ச் சேர்ந்தார். ஒருவர் கணக்கின் இரண்டு பக்கத்தையும் எழுதச் சொன்னார். மற்றவர் அந்த மேஜையில் துரோகியையும் சேர்த்து உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் இல்லாத கணக்கு எப்படிப் பொய்யோ, அப்படித்தான் இரண்டு பக்கமும் இல்லாத சாமி படமும்.

டிசம்பர் 25, டிசம்பர் 26

இழப்பே இல்லாத ஊர் என்றால் தங்கப் படம் மட்டும் போதும். காவிரி டெல்டா அப்படிப்பட்ட ஊரா?

1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் ராத்திரி. அன்றைய கிழக்குத் தஞ்சையில் கீழ்வெண்மணி. கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்கள். உயிருக்குப் பயந்து ஒரு சின்னக் குடிசைக்குள் ஒளிந்தவர்கள் தீ வைத்துக் கொல்லப்பட்டார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்கள் உயர்நீதிமன்றத்தில் விடுதலையானார்கள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. சுனாமி. தமிழ்நாட்டில் இறந்தவர்கள் ஏறத்தாழ 8,000 பேர். அதில் 6,000-க்கும் மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும். கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணி வந்து கடற்கரையில் இருந்த யாத்ரீகர்களும் அதில் அடக்கம். உடல்களை அடையாளம் காணக்கூட நேரமில்லாமல் பெருங்குழிகளில் புதைத்தார்கள். கிறிஸ்துமஸை அடுத்து வரும் ஞாயிறு கத்தோலிக்கத் திருச்சபையில் திருக்குடும்பத் திருநாள். அந்த நாளில்தான் இத்தனை குடும்பங்கள் காணாமல் போயின.

அப்போது என்ன பேசினார்கள்? பேராலயத்துக்குள் தண்ணீர் நுழையவில்லை, இது மாதாவின் அற்புதம் என்று பேசினார்கள். உள்ளே இருந்து பிழைத்தவர்கள் அப்படி நம்பினால் அவர்களின் நன்றி பொய்யில்லை. ஆனால் வெளியே மணலில் செத்தவர்களும் அதே மாதாவைப் பார்க்க வந்தவர்கள்தானே? அற்புதம் என்ற ஒரே சொல்லால் கதையை முடித்துவிட்டால் அவர்கள் எந்தக் கணக்கில் வருவார்கள்? அவர்கள் நேர்ச்சையில் ஏதோ குறை என்றா அர்த்தம்? இப்படிச் சொல்ல யாரும் நினைக்கவில்லைதான். ஆனால் தங்கப் படம் சொல்லாமல் சொல்வது அதைத்தான். கேட்டவனுக்குக் கிடைத்தது, கிடைக்காதவனைப் பற்றிப் பேச்சில்லை.

திருச்சபையின் நாட்காட்டி இதைவிட நேர்மையானது என்பதுதான் வேடிக்கை. டிசம்பர் 25 பாலன் பிறப்பு. மறுநாளே, கல்லெறிந்து கொல்லப்பட்ட ஸ்தேவானின் நாள். 28-ஆம் தேதி ஏரோதின் வீரர்கள் வெட்டிக் கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் நாள். தொட்டிலுக்கு மூன்றே நாள் தள்ளி ரத்தம். செப்டம்பரிலும் அதே கதை. 8-ஆம் தேதி மாதாவின் பிறந்தநாள், வேளாங்கண்ணியில் லட்சக்கணக்கில் கூட்டம். சரியாக ஒரு வாரம் கழித்து 15-ஆம் தேதி வியாகுல மாதா திருநாள். அதற்குள் நடந்து வந்த கூட்டம் ஊர் திரும்பிவிடும். தஞ்சாவூர் நகரத்திலேயே வியாகுல மாதா பெயரில் ஒரு கோயில் இருக்கிறது. வேளாங்கண்ணிக்குப் போகிற வழியில் எத்தனை பேர் அங்கே இறங்குகிறார்கள்?

"நம் மரபில் அழுகை இல்லையே?"

இதைச் சொன்னால் உடனே சில பதில்கள் வரும். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதல் பதில்: "ரத்தம், புண், பிணம் எல்லாம் ஐரோப்பிய ரசனை. நம் கலை ஆனந்தத்தின் கலை."

இதைச் சொல்பவர்கள் காரைக்கால் அம்மையாரை மறந்துவிட்டார்கள். வேளாங்கண்ணியிலிருந்து கடற்கரையோடு வடக்கே போனால் காரைக்கால். அழகு வேண்டாம், பேயுரு கொடு என்று கேட்டு வாங்கிய பெண். சோழர் காலத்து வெண்கலத்தில் அவளைப் பாருங்கள். எலும்பு தெரிகிறது, வற்றிய மார்பு தொங்குகிறது, கையில் தாளம், முகத்தில் சிரிப்பு. உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் அந்தச் சிலையைப் பத்திரமாக வைத்திருக்கின்றன. விலா எலும்பைக் காட்ட இந்த மண்ணின் சிற்பி கூச்சப்படவில்லை.

திருவாரூருக்குப் போங்கள். கோயிலுக்கு வெளியே கல் தேர். தேர்க்காலில் கன்றைப் பறிகொடுத்த பசு மணியடித்து நியாயம் கேட்ட கதையும், அதற்காக மனுநீதிச் சோழன் சொந்த மகனையே தேர்க்காலில் இட்ட கதையும் அங்கே கல்லில் இருக்கின்றன. ஒரு தாயின் துக்கத்துக்காக ஒரு மகன் சாகிறான். இதைவிடச் சிலுவைக்குப் பக்கத்தில் வரும் கதை எது?

கிறிஸ்தவத் தமிழுக்கே வருவோம். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680–1747) கொள்ளிடத்துக்கு வடகரையில் உள்ள ஏலாக்குறிச்சியில் இருந்தவர். அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்து அங்குள்ள அடைக்கல மாதா மேல் கலம்பகம் பாடினார். அதே மனிதர் 'அன்னை அழுங்கல் அந்தாதி' என்றும் ஒரு நூல் எழுதினார். அழுங்கல் என்றால் துயரம். சிலுவையடியில் நிற்கும் தாயின் துயரத்துக்கு ஒரு முழு அந்தாதி! கடல் தாண்டி இலங்கையில் ஜாக்கோமே கொன்சால்வஸ் பாதிரியார் (1676–1742) தமிழில் வியாகுலப் பிரசங்கம் எழுதினார். தவக்காலத்தில் ஒப்பாரி ராகத்தில் அதை இன்றும் பாடுகிறார்கள். ஆக, மரியாள் தமிழில் அழ ஆரம்பித்து மூன்று நூற்றாண்டு ஆகப் போகிறது. செய்யுளில் அழுதாள், ஒப்பாரியில் அழுதாள். பலகைப் படத்தில் மட்டும் அவளுக்கு அனுமதி இல்லை.

இரண்டாவது பதில்: "வீட்டில் அழுகிற படம் மாட்டினால் மங்களகரமாக இருக்குமா?"

நியாயமான கேள்விதான். பூஜை மூலையில் எதை வைப்பது என்பது அந்தந்த வீட்டின் உரிமை. ஆனால் கோயில் வீடு இல்லையே! கோயிலுக்குள் பிணப்பெட்டி வருகிறது, சாவுப் பூசை நடக்கிறது. அங்கேயும் மங்களகரம்தான் அளவுகோல் என்றால், கணவனைப் புதைத்துவிட்டு வந்த பெண்ணை நல்ல காரியத்தில் முன்னால் வராதே என்று ஒதுக்குகிற புத்திக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? சுவரில் அமங்கலம் என்று ஒதுக்கப்படுவது மனிதரிலும் ஒதுக்கப்படும். அதிகம் ஒதுக்கப்படுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. மரியாளும் ஒரு விதவை என்றுதான் மரபு சொல்கிறது. பைபிளைப் படித்தால், மகன் ஊழியத்துக்கு வந்த பிறகு சூசையப்பர் எங்குமே தென்படுவதில்லை.

மூன்றாவது பதில்: "நொந்து போய் வருகிறவனுக்கு நம்பிக்கை வேண்டும். மேலும் துக்கத்தைக் காட்டி என்ன செய்ய?"

இதுதான் பலமான வாதம். இதற்கு ஐரோப்பாவில் 500 வருஷத்துக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. ரை என்ற தானியத்தில் வரும் ஒரு வகைப் பூஞ்சணம் மாவில் கலந்துவிட்டால், அந்த ரொட்டியைத் தின்றவர்களுக்குக் கை கால் நெருப்பாக எரியும், கறுத்து அழுகும், வெட்டி எடுக்க வேண்டி வரும். புனித அந்தோணியார் நெருப்பு என்று பெயர் (வனத்து அந்தோணியார்தான்). ஐசன்ஹைம் என்ற ஊரில் அந்தோணியார் சபைத் துறவிகள் இந்த நோயாளிகளுக்காக மருத்துவமனை நடத்தினார்கள். அவர்களுடைய கோயிலுக்காக 1512-க்கும் 1516-க்கும் இடையில் மத்தியாஸ் குரூனவால்ட் ஒரு பீடப்படம் வரைந்தார். இன்று அது பிரான்ஸில் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவின் தோல் முழுக்கப் புண். உடம்பு பச்சை பாரித்திருக்கிறது. விரல்கள் வலியில் விறைத்து விரிந்திருக்கின்றன. நோயாளிகளைக் கொண்டுவந்து இந்தப் படத்தின் முன்தான் விட்டார்கள். கொடூரமா? இல்லை. தன் புண்ணை எல்லாரும் அருவருக்கிற நேரத்தில், கடவுளின் தோலிலும் அதே புண் இருப்பதைப் பார்த்தவனுக்குத்தான் தெரியும் அது என்ன ஆறுதல் என்று. அந்தப் படத்துக்குக் கதவுகள் உண்டு. சாதாரண நாட்களில் மூடியிருக்கும், அப்போது தெரிவது சிலுவை. திருநாட்களில் திறப்பார்கள். உள்ளே மஞ்சளும் சிவப்புமாக ஜொலிக்கும் ஒளிவட்டத்துக்குள் உயிர்த்தெழும் கிறிஸ்து. ஒளி இருக்கிறது, தஞ்சாவூர்த் தங்கத்துக்குக் குறைவில்லாத ஒளி. ஆனால் புண்ணைத் தாண்டித்தான் அங்கே போக முடியும்.

நம்பிக்கை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை இல்லாத ஞாயிற்றுக்கிழமை எதற்கு என்றுதான் கேள்வி.

மூடி வரைந்தால் என்ன ஆகும்?

துக்கத்தை மறைத்து வரைவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் ஒரு படம் சாட்சி. 1560-களில் பீட்டர் புரூகல் மாசில்லாக் குழந்தைகளின் படுகொலையை வரைந்தார். பெத்லகேமை அவர் வரையவில்லை. பனி மூடிய தன் நாட்டுக் கிராமம், தன் காலத்துச் சிப்பாய்கள், தன் ஊர்த் தாய்மார்கள். பைபிள் கதை அப்படியே உள்ளூர்ச் செய்தி ஆகிவிட்டது. பிறகு அந்தப் படம் பேரரசர் இரண்டாம் ருடால்ஃப் கைக்குப் போனது. செத்த குழந்தைகள் கண்ணை உறுத்தின போலும். அவர்கள்மேல் வேறு வண்ணம் பூசப்பட்டது. குழந்தைகள் இருந்த இடத்தில் வாத்துகள், மூட்டைகள், தின்பண்டங்கள். படுகொலை வெறும் கொள்ளை ஆனது. இன்று பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கும் அந்தப் படத்தில் ஒரு தாய் மடியில் மூட்டையை வைத்துக்கொண்டு கதறி அழுகிறாள். பார்ப்பவருக்கு ஏன் என்று புரியாது.

தங்கப் பூச்சு செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். அழுகிறவர் அழுதுகொண்டேதான் இருக்கிறார். எதற்காக அழுகிறார் என்பது மட்டும் படத்திலிருந்து போய்விடுகிறது.

இதற்கு எதிர்ப்பக்கம் போனவர்களும் உண்டு. கோவாவில் 1924-இல் பிறந்த எஃப்.என். சூசா கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனை இழந்தவர். பெரியம்மை கண்டு பிழைத்ததால், அம்மா செய்த நேர்ச்சையின்படி புனித சவேரியாரின் பிரான்சிஸ் என்ற பெயர் அவருக்கு வந்து சேர்ந்தது. (டெல்டாவில் எத்தனை ஆரோக்கியசாமிகள், ஆரோக்கியமேரிகள்! பெயரே ஒரு நேர்ச்சையின் ரசீது.) ஆனால் அந்தப் பெயரைச் சுமந்தவர் 1959-இல் வரைந்த 'சிலுவையேற்றம்' நன்றிக் கடிதம் மாதிரி இல்லை. கறுத்த, முள் முள்ளான, கோபமான கிறிஸ்து. லண்டன் டேட் சேகரிப்பில் இருக்கிறது. தன் நம்பிக்கையோடு சண்டை போட்டுத்தான் அவர் தன்னைக் கண்டுபிடித்தார்.

மார்க் ஷகால் கிறிஸ்தவரே இல்லை, யூதர். 1938-இல் ஜெர்மனியில் ஜெபக்கூடங்கள் எரிந்தபோது அவர் வரைந்தது 'வெள்ளைச் சிலுவையேற்றம்'. அதில் இயேசுவின் இடுப்பில் யூதர்களின் ஜெபச் சால்வை. சுற்றிலும் எரியும் கட்டடங்கள், ஓடும் ஜனங்கள். எந்தச் சிலுவையின் பெயரால் தன் இனத்தை நூற்றாண்டுகளாக அடித்தார்களோ, அதே சிலுவையை எடுத்துத் தன் இனத்தின் துக்கத்தைச் சொன்னார். சின்னம் யாருடையது என்பதைப் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தஞ்சாவூரிலேயே, சிவகங்கைப் பூங்காவை ஒட்டி இருக்கும் ஸ்வார்ட்ஸ் தேவாலயத்துக்குள் போங்கள். அங்கே ஒரு பளிங்குச் சிற்பம். சாகும் தறுவாயில் படுக்கையில் மிஷனரி ஸ்வார்ட்ஸ். அவர் கையைப் பற்றி நிற்பவர் சரபோஜி. 1787-இல் துளஜா மன்னர் சாகும்போது பத்து வயதைத் தொட்டுக்கொண்டிருந்த சரபோஜியை இந்தப் பாதிரியாரின் பொறுப்பில்தான் ஒப்படைத்தார். 1798 பிப்ரவரியில் ஸ்வார்ட்ஸ் இறந்தார். சரபோஜி கிறிஸ்தவர் ஆகவில்லை, கடைசிவரை இந்துவாகவே இருந்தார். ஆனால் வளர்த்தவருக்காக ஆங்கிலத்தில் தானே இரங்கற்பா எழுதினார். லண்டனில் ஜான் ஃப்ளாக்ஸ்மன் என்ற பேர் பெற்ற சிற்பியிடம் சொல்லி இந்தச் சிற்பத்தைச் செய்வித்துக் கோயிலில் வைத்தார்.

இதில் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. தஞ்சாவூர் ஓவியம் தன் உச்சத்தில் இருந்தது இந்த சரபோஜியின் காலத்தில்தான். கூப்பிடு தூரத்தில் அத்தனை ஓவியர்கள். பட்டாபிஷேகம் வேண்டுமென்றால் அவர்கள் போதும். அப்பா மாதிரி இருந்தவரின் சாவைச் சொல்ல வேண்டும் என்றபோது மன்னர் கடல் தாண்டி லண்டனில் சொல்லி அனுப்பினார். துக்கத்தை இறக்குமதி செய்யும் பழக்கம் அன்றைக்கே தொடங்கிவிட்டது. 200 வருஷத்துக்கு மேல் ஆகியும் அது மாறவில்லை.

என்ன செய்யலாம்?

புலம்பிவிட்டுப் போவது எளிது. செய்யக்கூடியது என்ன? கலைஞரை மாறு என்று உபதேசம் செய்வதால் எதுவும் நடக்காது. வாங்குபவர் மாற வேண்டும். தனி ஆள் வாங்க மாட்டார் என்பது மேலேயே சொன்ன கணக்கு. ஆனால் பங்குக் கோயில்கள் வாங்கலாம். சிலுவைப்பாதைப் படங்கள் பழசாகிப் புதுப்பிக்கும் நேரம் எல்லாக் கோயிலுக்கும் வரும். அப்போது இன்னொரு தொகுதி அச்சுப் படத்துக்கு ஆர்டர் கொடுப்பதற்குப் பதில், தஞ்சாவூர் ஓவியரிடம் 14 பலகைகள் கேட்கட்டும்.

மரியாளின் ஏழு வியாகுலங்கள் என்று மரபு ஒரு பட்டியல் தருகிறது. ராத்திரியோடு ராத்திரியாகக் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடியது அதில் ஒன்று. திருவிழாக் கூட்டத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் தேடியது இன்னொன்று. கடைசி, புதைத்துவிட்டுத் திரும்பியது. இதில் எது டெல்டாவுக்குப் புதிது? வெண்மணியும் நாகப்பட்டினமும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கதைகளுக்கு விளக்கவுரை தேவையே இல்லை. கைத்தறிச் சேலை கட்டிய, வெயிலில் கறுத்த ஒரு தாய், அறுத்த வயலின் தாளில் உட்கார்ந்து மகனின் உடலை மடியில் வைத்திருக்கட்டும். நெஞ்சில் ஏழு வாள்கள் இருக்கட்டும். தங்கத்தை விட்டுவிட வேண்டாம், அது இந்தக் கலையின் உயிர். அதைத் தலைக்குப் பின்னால் இருக்கும் ஒளிவட்டத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும். அந்த ஒரு வட்டம் போதும், இவள் கைவிடப்பட்டவள் இல்லை என்று சொல்ல.

இதை விற்க முடியாது என்பார்கள். விற்பதற்கு இல்லை. கோயிலுக்கு. மங்களகரமாக இல்லை என்பார்கள். சிலுவை எந்தக் காலத்தில் மங்களகரமாக இருந்தது? அது ரோமாபுரிக்காரர்கள் அடிமைகளையும் கலகக்காரர்களையும் கொன்ற மரம். அதைக் கழுத்தில் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டு அழுகிற படம் வேண்டாம் என்று சொல்வதில் என்ன நியாயம் இருக்கிறது?

செப்டம்பர் 8-ஆம் தேதிக்கு லட்சம் பேர் நடந்து வரட்டும். பட்டுப்புடவை கட்டிய மாதாவைப் பார்க்கட்டும், மெழுகுவத்தி ஏற்றட்டும். கேட்டது கிடைத்தவர்கள் வெள்ளித் தொட்டில் வைக்கட்டும். ஆனால் கேட்டது கிடைக்காமல் போனவர்களும் அதே பஸ்ஸில்தான் வருகிறார்கள். 15-ஆம் தேதி அவர்கள் வந்து நிற்க ஒரு படம் வேண்டும். அதில் இருக்கிறவள் அவர்கள் கட்டும் சேலையைக் கட்டியிருக்க வேண்டும்.